தாடையில் ஆப்பரேஷன், வலி இடுப்பில்

 

போன வெள்ளிக்கிழமை பூஜை முடிஞ்சு செருப்பு மாட்டிக்கிட்டு இருந்தேன். ஒரு தம்பி பக்கத்துல வந்து, "அண்ணே, உங்களுக்குத் தாடையில பண்ணாங்களே, அதே ஆப்பரேஷன் எங்க அம்மாவுக்கும் பண்ணப் போறாங்க. இடுப்பு எலும்பை எடுத்து வாயில வைப்பாங்களாம். அம்மா ராத்திரி தூங்குறதே இல்லை. நீங்க கொஞ்சம் சொல்றீங்களா?"ன்னு கேட்டாரு. அங்கேயே நின்னு பேசினேன். ஆனா ரொம்ப நேரம் பேசினா எனக்கு இன்னும் உதட்டோரத்துல எச்சில் வழியும், வார்த்தையும் கொஞ்சம் குழறும். பாதியில நிறுத்திட்டு, "எழுதி அனுப்புறேன் தம்பி"ன்னு சொல்லிட்டு வந்தேன்.

எழுத உட்கார்ந்தா நீளமாகிடுச்சு. அவருக்கு மட்டும் அனுப்புறதை விட எல்லாருக்குமே போடலாம்னு தோணுச்சு. ஏன்னா 2024ல நான் பல மாசம் கோயில் பக்கம் வராதப்ப நிறைய பேரு என்ன ஆச்சுன்னு கேட்டீங்க, நான் யாருக்கும் சரியா பதில் சொல்லல. நான் எஸ்.பி.எம். வரைக்கும் படிச்சவன், பிறையில பிளாஸ்டிக் தொழிற்சாலையில சூப்பர்வைசர். டாக்டர் மாதிரி எழுத வராது. எனக்கு நடந்ததை மட்டும்தான் சொல்றேன். அவங்கவங்களுக்கு அவங்கவங்க டாக்டர் சொல்றதுதான் கடைசி வார்த்தை.

2023 தீபாவளி சமயம். சவரம் பண்ணும்போது இடது பக்கத் தாடை கொஞ்சம் பருமனா தெரிஞ்சுது. வலி இல்லை. வலி இல்லாத எதை நாம டாக்டர்கிட்ட காட்டியிருக்கோம்? நானும் விட்டுட்டேன். அப்புறம் அந்தப் பக்கம் கடைவாய்ப் பல் ஆட ஆரம்பிச்சுது. ஒரு பல் கிளினிக்குக்குப் போனேன். சீழ்னு சொல்லி மருந்து கொடுத்தாங்க, ரெண்டு தடவை. ரெண்டு தடவையும் குறையல. வேற இடத்துக்குப் போனப்ப அவங்க தாடை முழுசும் தெரியுற மாதிரி ஒரு எக்ஸ்ரே எடுத்தாங்க. படத்தைப் பார்த்துட்டு அந்த டாக்டர் என் மூஞ்சியைப் பார்க்காம திரையையே பார்த்துக்கிட்டு இருந்தாரு. எலும்பு இருக்க வேண்டிய இடத்துல தேன்கூடு மாதிரி ஓட்டை ஓட்டையா இருந்துச்சு. எனக்கே தெரிஞ்சு போச்சு.

அரசாங்க மருத்துவமனைக்கு அனுப்பினாங்க. கொஞ்சம் சதை வெட்டி பரிசோதனைக்கு அனுப்பி, பேரு சொன்னாங்க: அமெலோபிளாஸ்டோமா. அந்தப் பேரை ஒழுங்கா சொல்ல எனக்கு ஒரு வாரம் ஆச்சு. வாய் அறுவைச் சிகிச்சைப் பிரிவுல மலாய்க்கார டாக்டர் அம்மா ஒருத்தங்க, ரொம்பப் பொறுமையானவங்க, படம் வரைஞ்சு சொன்னாங்க. பல் உருவாகுற செல்லுல இருந்து வர்ற கட்டி. புற்றுநோய் இல்லை. ஆனா மெதுவா எலும்பைத் தின்னுக்கிட்டே போகும். மேலாக்க சுரண்டி எடுத்தா திரும்பவும் வர வாய்ப்பு அதிகம். அதனால ரெண்டு பக்கமும் நல்ல எலும்பு ஒரு சென்டிமீட்டருக்கு மேல சேர்த்து வெட்டணும். எனக்கு மொத்தம் 5 சென்டிமீட்டர் கிட்ட போகும், அதோட மூணு பல்லும் போகும். கீழ் உதட்டுக்குப் போற நரம்பும் அந்த எலும்புக்குள்ளதான் ஓடுது, அதையும் காப்பாத்த முடியாது. காலியான இடத்துல டைட்டேனியம் தகடு, அதோட என்னோட இடுப்பு எலும்புல ஒரு துண்டு. இதை விட பெரிய இடைவெளின்னா கால் எலும்பை ரத்தக்குழாயோட எடுத்து வைப்பாங்களாம், எனக்கு அது தேவைப்படலன்னு சொன்னாங்க.

நான் கேட்ட முதல் கேள்வி என்ன தெரியுமா? "டாக்டர், தைப்பூசம் முடிஞ்சு வெச்சுக்கலாமா?" அவங்க சிரிச்சுட்டாங்க. மெதுவா வளர்ற கட்டிதான், ஒரு மாசத்துல ஒண்ணும் ஆகாதுன்னாங்க. 2024 ஜனவரி 25 தைப்பூசம். தண்ணீர்மலை 513 படியும் ஏறி இறங்கினேன். பிப்ரவரி கடைசியில ஆப்பரேஷன்.

இன்னொண்ணும் சொன்னாங்க: சிகரெட்டை இன்னைக்கே நிறுத்தணும், புகை பிடிக்கிறவங்களுக்கு வெச்ச எலும்பு சரியா ஒட்டாதுன்னு. என்னைத் தெரிஞ்சவங்களுக்கு இது தெரியும், மறைச்சு என்ன ஆகப் போகுது. தைப்பூச விரதம் 48 நாளும் தொட மாட்டேன், விரதம் முடிஞ்ச மறுநாள் தொழிற்சாலை வாசல்ல பத்த வைப்பேன். முருகனுக்காக நிறுத்தினவன் முருகன்கிட்டேயே விடுமுறை முடிஞ்சதுன்னு சொன்ன மாதிரி. இந்தத் தடவைதான் மறுநாள் பத்த வைக்கல.

இப்ப விஷயத்துக்கு வர்றேன்.

ஆப்பரேஷனுக்கு முன்னாடி எல்லாப் பேச்சும் தாடையைப் பத்தித்தான். சாப்பாடு எப்படி, பேச்சு எப்படி, மூஞ்சி கோணுமா, தழும்பு தெரியுமான்னு நான் எழுதி வெச்சுக் கேட்ட கேள்வி பதினாலு. அதுல இடுப்பைப் பத்தி ஒண்ணு கூட இல்லை. அவங்க சொல்லாம இல்லை, சொன்னாங்க. எனக்குக் காதுல ஏறல. இடுப்புல எலும்பு நிறைய இருக்கே, ஒரு துண்டு எடுத்தா என்ன, ஒரு வாரத்துல சரியாகிடும்னு நானா முடிவு பண்ணிக்கிட்டேன்.

ஏழு மணி நேரம் ஆச்சுன்னு வீட்டுக்காரம்மா சொன்னாங்க. ஒரு குழு வாயில வேலை பார்க்க, இன்னொரு குழு அதே நேரத்துல வலது இடுப்புல எலும்பு எடுத்திருக்காங்க. கண் முழிச்சப்ப மூஞ்சி பூசணிக்காய் மாதிரி வீங்கியிருக்கு, மூக்குல ஒரு குழாய், கழுத்துல ஒரு குழாய், இடுப்புல ரத்தம் வடியுறதுக்கு ஒரு குழாய். ஆனா தாடை வலிக்கல. அங்க உணர்ச்சியே இல்லை, கட்டை மாதிரி கிடந்துச்சு. வலிச்சது இடுப்பு. சும்மா படுத்திருந்தா கூட யாரோ வலது பக்கம் சூட்டுக்கோல் வெச்ச மாதிரி. இருமல் வந்தா உயிர் போகும். தும்மல் வந்தா சொல்லவே வேண்டாம்.

ரெண்டாம் நாள் பிசியோதெரபி பொண்ணு வந்து, "அங்கிள் எழுந்திரிங்க, நடக்கணும்"னு சொல்லுது. நம்ம தமிழ்ப் பொண்ணுதான். வாயைத் திறந்து திட்ட முடியாததால தப்பிச்சுது. கட்டில்ல இருந்து காலைக் கீழே இறக்க எனக்குக் கால் மணி நேரம் ஆச்சு. வாக்கிங் பிரேமைப் பிடிச்சு எழுந்து நின்னப்ப வேர்த்துக் கொட்டுது. கழிவறை வாசல் பத்தடி தூரம் இருக்கும். 513 படி ஏறி முழுசா ஒண்ணரை மாசம் ஆகல, அந்தப் பத்தடிக்கு நான் அழுதேன்.

அந்தப் பொண்ணுதான் காரணம் சொல்லிச்சு. பெல்ட் போடுற இடத்துல முன்பக்கம் தொட்டுப் பார்த்தா ஒரு மேடு தட்டுப்படும் பாருங்க, அங்கதான் எடுப்பாங்க. வயித்துத் தசை, தொடைத் தசை, பின்பக்கத் தசை எல்லாம் அந்த மேட்டுலதான் ஒட்டியிருக்கு. அதைப் பிரிச்சுத்தான் எலும்பை எடுக்கணும். அதனால ஒவ்வொரு அடி வைக்கும்போதும் அந்த இடம் இழுக்கும். தாடையில தகடு போட்டு இறுக்கி வெச்சிருக்காங்க, அது அசையாது. இடுப்பை யாரு அசையாம வைக்க முடியும்?

பார்க்க வந்தவங்க எல்லாரும் மூஞ்சியைத்தான் பார்த்தாங்க. "பரவாயில்லை, மூஞ்சி அவ்வளவா தெரியல"ன்னு ஆறுதல் சொன்னாங்க. நான் நோட்டுப் புத்தகத்துல "இடுப்பு" ன்னு எழுதிக் காட்டுவேன். "அது சரியாகிடும்"னு சொல்லிட்டு மறுபடியும் தாடைக்குப் போயிடுவாங்க. எதிர்க் கட்டில்ல ஒரு மலாய்க்கார பாச்சிக், அவருக்குத் தொடையில தோல் எடுத்து வேற இடத்துல ஒட்டியிருந்தாங்க. அவரு மட்டும்தான் என்னைப் பார்த்து தன் தொடையைத் தட்டிக் காட்டி, என் இடுப்பைக் காட்டி, ரெண்டு கையையும் விரிப்பாரு. எடுத்த இடம்தான் வலிக்கும்னு அர்த்தம். பன்னெண்டு நாள் நாங்க ரெண்டு பேரும் பேசிக்கிட்டது அவ்வளவுதான். அவரு சிரிக்க வைப்பாரு, எனக்கு இடுப்பு பிடுங்கும், நிறுத்துங்கன்னு கையெடுத்துக் கும்பிடுவேன்.

அந்தப் பன்னெண்டு நாளும் சாப்பாடு மூக்குக் குழாய் வழியாத்தான். வாய்க்குள்ள தையல் இருக்கு, எச்சிலோ சாப்பாடோ உள்ள கசிஞ்சு எலும்புல பட்டா கிருமி ஏறி வெச்ச எலும்பே போயிடும்னு சொல்லிட்டாங்க. நாள் தவறாம மருந்துத் தண்ணியில மெதுவா வாய் கழுவணும். குருக்கள் ஐயா அர்ச்சனை பண்ணி விபூதியும் தீர்த்தமும் கொடுத்து விட்டிருந்தாரு. வீட்டுக்காரம்மா தீர்த்தத்தை வாயில விடலாமான்னு மிஸ்ஸிகிட்ட கேட்டாங்க. அந்த மிஸ்ஸி மலாய்க்காரங்க, யோசிச்சுட்டு, "வாயில வேண்டாம் அக்கா, நெத்தியில வைங்க"ன்னாங்க. தீர்த்தத்தைக் கண்ணுல ஒத்திவிட்டு, விபூதியை நெத்தியில பூசினாங்க. வீங்கின மூஞ்சியில நெத்தி மட்டும்தான் என்னோடதா இருந்துச்சு.

வாய்ல முதல் முதலா "முருகா"ன்னு சொல்லிப் பார்த்தது பத்தாவது நாள் ராத்திரி. எல்லாரும் தூங்கின பிறகு. ரெண்டு உதடும் சேரல. "உருகா"ன்னு வந்துச்சு. விரலால கீழ் உதட்டைத் தூக்கி மேல் உதட்டோட சேர்த்துப் பிடிச்சு "மு" சொன்னேன். ப, ம, வ எல்லாத்துக்கும் அப்படித்தான். இருபத்திரண்டு வருஷம் திருவிழாவுல மைக் பிடிச்சவன் நான். "பக்தர்கள் வரிசையாக வரவும், வழியை மறைக்காமல் நிற்கவும்"னு கத்துற குரல் என்னோடதுதான்னு உங்களுக்குத் தெரியும். அந்த ஒரு வாக்கியத்துல எத்தனை ப, எத்தனை ம, எத்தனை வன்னு அன்னைக்குத்தான் எண்ணினேன்.

வீட்டுக்கு வந்த பிறகு ஆறு வாரம் மெல்லுற வேலையே கிடையாது. கஞ்சித் தண்ணி, பருப்புத் தண்ணி, கீரையை அரைச்சு வடிகட்டினது, மைலோ. உறிஞ்சுற குழல் கூடாதுன்னுட்டாங்க, கரண்டியால சின்னச் சின்னதா ஊட்டணும். ஒன்பது கிலோ இளைச்சேன். மிளகு ரசத்தைத் தெளிவா எடுத்து ஆறவெச்சுக் கொடுத்த அன்னைக்குத்தான் நாக்குன்னு ஒண்ணு இருக்குன்னு தெரிஞ்சுது. வாய் திறக்குற பயிற்சிக்கு ஐஸ்கிரீம் குச்சி. ஆமா, உண்மைதான். குச்சிகளை அடுக்கிப் பல்லுக்கு நடுவுல வெச்சு, ஒவ்வொரு குச்சியா நடுவுல சொருகணும். முதல்ல எட்டுக் குச்சிக்கு மேல போகல. இப்ப இருபத்தி ரெண்டு போகுது. பேரப்பிள்ளை எண்ணிக் கொடுக்கும்.

கீழ் உதடும் நாடியும் இடது பக்கம் இன்னும் மரத்துத்தான் இருக்கு, அது திரும்ப வராதுன்னு டாக்டர் அப்பவே சொல்லிட்டாங்க. சூடா தண்ணி குடிச்சா சுடுறது தெரியாது. சோத்துப் பருக்கை ஒட்டியிருந்தாலும் தெரியாது. வெளிய சாப்பிடும்போது வீட்டுக்காரம்மா எதிர்ல உட்கார்ந்து தன் உதட்டை ஒரு விரலால தொடுவாங்க. உடனே நான் துடைச்சுக்குவேன். கல்யாண வீட்டுல எங்களைப் பார்த்தவங்க இந்த வயசுல இதுங்களுக்கு என்ன சைகைன்னு நினைச்சிருக்கலாம்.

வேலையைப் பத்தி அதிகம் சொல்ல ஒண்ணுமில்லை. மருத்துவமனை விடுப்பு 60 நாள், அதுக்கு மேல என் வருஷ விடுப்பு. திரும்பிப் போனப்ப படி ஏறத்தான் கஷ்டம். பேச்சு பிரச்சனையே இல்லை. மெஷின் சத்தத்துல நாங்க எப்பவும் கையால பேசுறவங்கதானே. நேப்பாளப் பையன்களும் வங்காளதேசப் பையன்களும் என் கையைப் பார்த்தே வேலையை முடிச்சிடுவாங்க.

கஷ்டம் கோயில்லதான் வந்துச்சு. இதை எழுதலாமா வேண்டாமான்னு ரெண்டு நாள் யோசிச்சேன்.

ஆப்பரேஷன் முடிஞ்சு பங்குனி உத்திரத்துக்கு நான் வரல. இடுப்பு வலின்னு சொன்னேன். அது பாதி பொய். எச்சில் வழியுற வாயோட உங்க முன்னாடி நிக்க வெட்கம். சித்திரா பௌர்ணமிக்கு வீட்டுக்காரம்மா விடல. கொரோனா காலத்து மாஸ்க் ஒரு டப்பா மிச்சம் இருந்துச்சு, அதுல ஒண்ணை மாட்டிக்கிட்டு, கைத்தடியோட வந்தேன். வேட்டி கட்ட முடியல. வேட்டி முடிச்சும் பெல்ட்டும் சரியா அந்தத் தழும்பு மேலதான் உட்காரும். ரப்பர் வெச்ச கால்சட்டையும் மேல ஒரு துண்டும். என்னை அப்படி நீங்க பார்த்ததே இல்லை.

தொண்டர் பையன் ஒருத்தன் ஓடி வந்து நீல நிற நாற்காலியைப் போட்டு, "அங்கிள், உட்காருங்க"ன்னான். வேண்டாம்னு தலையாட்டினேன். தூண்ல சாய்ஞ்சு நின்னேன். சாமி வசந்த மண்டபத்துல இருந்து புறப்பட்டுச்சு. முன்பக்கம் இடது கம்பு என்னோட இடம், அங்க நான் பழக்கிவிட்ட பையன் நிக்கிறான். நல்லாத்தான் தூக்குறான். பதினஞ்சு நிமிஷம் நின்னிருப்பேன், வலது கால் ஆட ஆரம்பிச்சுது. அப்புறம் முட்டி மடங்குது. வீட்டுக்காரம்மா ஒண்ணும் சொல்லாம அந்த நாற்காலியை என் பின்னாடி தள்ளினாங்க. விழுந்த மாதிரி உட்கார்ந்தேன். சாமி எனக்கு நேரா வருது, எல்லாரும் எழுந்து நிக்கிறாங்க, நான் எழுந்திரிக்கப் பார்க்குறேன், முடியல. சாமி என்னைத் தாண்டிப் போகுற வரைக்கும் உட்கார்ந்துதான் இருந்தேன்.

அப்பத்தான் அந்தப் பெரியவர் ஞாபகம் வந்தாரு.

பத்து வருஷத்துக்கு முன்னாடி இருக்கும். இதே மாதிரி ஒரு திருவிழா. ஒரு பெரியவர், வயசு எழுபதுக்கு மேல, வீட்டுல இருந்தே மடக்கு நாற்காலி கொண்டு வந்து வழிக்குப் பக்கத்துல போட்டு உட்கார்ந்திருந்தாரு. சாமி வர்ற நேரம். நான் மைக்ல, "நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் பெரியவர் எழுந்து பின்னால் போகவும், சாமி வருகிறது, கொஞ்சமாவது மரியாதை வேண்டும்"னு சொன்னேன். மைக்ல. ஐந்நூறு பேருக்கு முன்னாடி. அவரு எழுந்திரிச்சாரு. கைத்தடியை ஊன்றி, நாற்காலியை மடக்கி, ஒரு கையால இழுத்துக்கிட்டு பின்னாடி போனாரு. அவரு எழுந்த விதம் எனக்கு அப்பவே கண்ணுல பட்டுச்சு. முதல்ல ஒரு பக்கம் சாய்ஞ்சு, அந்தக் காலை முன்னாடி நீட்டி, மூச்சைப் பிடிச்சு எழுந்தாரு. அது இடுப்பு வலி உள்ளவங்க எழுந்திரிக்கிற விதம்னு இப்பத்தான் எனக்குத் தெரியும், ஏன்னா நானும் அப்படித்தான் எழுந்திரிக்கிறேன். அதுக்கப்புறம் அவரு திருவிழாவுக்கு வந்து நான் பார்க்கல. சில வருஷத்துல காலமாகிட்டாரு.

அன்னைக்கு மாஸ்க் நனைஞ்சு போச்சு. எச்சிலா கண்ணீரான்னு எனக்குத் தெரியல. உதட்டுக்குத்தான் உணர்ச்சி இல்லையே.

அவரோட மக செவ்வாய்க்கிழமை துர்க்கைக்கு விளக்குப் போட வருவாங்க. மூணு செவ்வாய் வந்து, தூரத்துல நின்னு பார்த்துட்டுப் பேசாம போனேன். நாலாவது செவ்வாய் போய்ச் சொன்னேன், பாதி குழறித்தான். "தங்கச்சி, உங்க அப்பாவை நான் மைக்ல அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது." அந்த அம்மா கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தாங்க. "அப்பா அதை மறந்திருப்பாருன்னு சொல்லி உங்களை அனுப்பிடலாம் அண்ணே. ஆனா அவரு மறக்கல. ஒரு மாசம் உங்களைத் திட்டினாரு. சாப்பிடும்போது கூட திட்டினாரு. சாமி தூக்குற கழுதைக்கு என்ன தெரியும்னு சொன்னாரு." சொல்லிட்டு அவங்களே சிரிச்சுட்டாங்க. எனக்கும் சிரிப்பு வந்துச்சு, இடுப்பு பிடுங்கிச்சு, தூணைப் பிடிச்சுக்கிட்டேன். அவங்க ஓடிப் போய் ஒரு நாற்காலி எடுத்துட்டு வந்தாங்க.

அவங்க மன்னிச்சாங்களான்னு நான் கேட்கல. அவங்களும் சொல்லல. பார்த்தா வணக்கம் சொல்லுவாங்க.

நிர்வாகத்துல பேசினேன். திருவிழாவுக்கு வலது பக்கம் தூண் ஓரமா நாற்காலி போடணும், உட்கார்ந்தே தரிசனம் பண்ண விடணும்னு. வழி மறையும், படம் எடுத்தா நல்லா இருக்காது, எல்லாரும் உட்கார ஆரம்பிச்சிடுவாங்கன்னு ஒவ்வொருத்தர் ஒவ்வொண்ணு சொன்னாங்க. தப்பு சொல்ல மாட்டேன், பத்து வருஷத்துக்கு முன்னாடின்னா நானே அதைத்தான் சொல்லியிருப்பேன். கடைசியில எட்டு நாற்காலிக்கு ஒத்துக்கிட்டாங்க. அடுத்த வருஷம் பன்னெண்டு. மைக் இப்ப யுனிவர்சிட்டில படிக்கிற பொண்ணு ஒண்ணு பிடிக்குது. என்னை விட நல்லா பேசுது. கத்துறதே இல்லை.

சரி, அந்தத் தம்பியோட அம்மாவுக்கு. அக்கா, நீங்க பல்லைப் பத்தியும் மூஞ்சியைப் பத்தியும் டாக்டர்கிட்ட நிறைய கேட்பீங்க, கேளுங்க. இடுப்பைப் பத்தியும் கேளுங்க. எந்தப் பக்கம் எடுக்குறாங்க, எத்தனை நாள் கழிச்சு படி ஏறலாம், பாரம் எப்ப தூக்கலாம்னு கேட்டு எழுதி வெச்சுக்குங்க. எனக்கு மூணு மாசம் பாரம் தூக்கக் கூடாதுன்னாங்க, எலும்பு எடுத்த இடம் பலமில்லாம இருக்கும், விழுந்தா உடையும்னு. ஆறு வாரம் கார் ஓட்டல. மருத்துவமனைக்குப் போகும்போது சின்னத் தலையணை ஒண்ணு எடுத்துட்டுப் போங்க. இருமல் வந்தா அதை இடுப்போட சேர்த்து அமுக்கிப் பிடிச்சுட்டு இருமுங்க, பாதி வலி குறையும். இறுக்கமான பாவாடை நாடா வேண்டாம், தொளதொளன்னு நைட்டியா எடுத்துக்குங்க. எழுதிக் காட்ட ஒரு நோட்டு, மொத்தமா எழுதுற பேனா. வீட்டுல குந்தி உட்கார்ற கழிவறைன்னா தம்பிகிட்ட சொல்லி முன்னாடியே நாற்காலி மாதிரி ஒண்ணு வாங்கி வைக்கச் சொல்லுங்க, இதை யாரும் சொல்ல மாட்டாங்க, முதல் நாளே தெரிஞ்சிடும். வலி மருந்தை வீரம் காட்டி மிச்சம் வைக்காதீங்க. வலி தாங்கிக்கிட்டு நடக்காம கிடந்தா அதுதான் தப்பு. மருந்து போட்டுட்டு நடங்க. காய்ச்சல் வந்தாலோ, தையல் போட்ட இடத்துல நாத்தமோ சீழோ வந்தாலோ அப்பாயின்மென்ட் வரைக்கும் காத்திருக்காதீங்க.

தொடை வெளிப்பக்கம் உள்ளங்கை அளவுக்கு மரத்துப் போச்சுன்னா பயந்துடாதீங்க, அங்க ஓடுற நரம்பு இழுபடுறதால வரும்னாங்க. எனக்கு நிறைய குறைஞ்சிடுச்சு, முழுசா போகல. இடுப்பைத் தடவினா ஒரு பள்ளம் தெரியும். நொண்டல் மூணு மாசத்துல போச்சு. மழை நாள்ல கொஞ்சம் இழுக்கும், அவ்வளவுதான். கடைசியா எடுத்த எக்ஸ்ரேல எலும்பு நல்லா ஒட்டியிருக்குன்னு டாக்டர் அம்மா காட்டினாங்க. அடுத்தது அந்த எலும்புலேயே திருகாணி வெச்சு பல் கட்டணும், அதுக்கு வரிசையில இருக்கேன். அதுவரைக்கும் முறுக்கு சாப்பிட முடியாது. வலது பக்கம் பல் இருந்தாலும் வீட்டுக்காரம்மா விட மாட்டாங்க.

2025 பிப்ரவரி 11 தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை ஏறினேன். நாலு இடத்துல உட்கார்ந்து உட்கார்ந்து. மேல போய் "முருகா" சொன்னேன், விரல் வைக்காம. சாமி இன்னும் தூக்கல, தூக்கலாம்னு டாக்டர் சொல்லிட்டாங்க, ஆனா அந்தப் பையனை எடுக்கச் சொல்ல மனசு வரல.

தம்பி, அம்மாவை இந்த வெள்ளிக்கிழமை கூட்டிட்டு வாங்க. ஆறு மணிக்கு மேல அன்னதானச் சமையல்கூடத்துல காய் நறுக்குற மேசையில இருப்பேன். பேசுறது குழறினா அக்கா தப்பா எடுத்துக்க வேண்டாம், வேணும்னா தழும்பையும் ஐஸ்கிரீம் குச்சியையும் காட்டுறேன். வீட்டுக்காரம்மாவும் இருப்பாங்க, பெண்கள் பேசுறதைப் பேசிக்கட்டும். நாற்காலி எடுத்துப் போட்டு வைக்கிறேன்.

முருகா சரணம்.